தவிட்டுக்குருவிகளின் ஓயாத சண்டை

அந்தக் காலத்தில், பாம்பும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தவிட்டுக்குருவிகளைப் போல அமைதியான கூட்டம் காட்டிலேயே கிடையாது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். கோபம் வந்தால் அவை சண்டை போடாது, பேச்சை நிறுத்திக்கொள்ளும். முதலில் வாயைத் திறந்தது தோற்றது என்று கணக்கு. அதைத்தான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தன, பாவம். நம் வீடுகளிலும் இந்தக் கௌரவத்துக்குக் குறைச்சலில்லை.

ஒரு கிளுவை வேலியில் அக்கா தங்கைகள் ஏழு பேர் குடியிருந்தார்கள். மூத்தவள் நாச்சாத்தாள் அப்போதுதான் மூன்று குஞ்சு பொரித்திருந்தாள். கடைக்குட்டி தங்காயி ஒருநாள் காலையெல்லாம் சருகைக் கிளறி, கொழுத்த வெள்ளைப்புழு ஒன்றைத் தோண்டி எடுத்தாள். அப்படித் திரும்பி இப்படிப் பார்ப்பதற்குள் நாச்சாத்தாள் அதைக் கவ்விக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டிவிட்டாள்.

குஞ்சு தின்றதில் தங்காயிக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால் அவளே ஊட்டியிருப்பாள். ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை. வேலியின் கடைசிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அவளாக வரட்டும் என்று அக்காவும் இருந்துவிட்டாள். மூன்று நாள் ஓடிவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம், மற்ற ஐந்து பேரும் ஓடைப்பக்கம் இரை தேடப் போயிருந்தார்கள். ஒரு சாரைப்பாம்பு வேலியில் ஏறுவதைத் தங்காயி பார்த்தாள். கூட்டில் நாச்சாத்தாள் முதுகைக் காட்டிக்கொண்டு குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்காயி கிளையில் இப்படியும் அப்படியும் தத்தினாள். நான் பேசினால் நான்தானே தோற்றவள்? பாம்பு இன்னும் ஒரு கிளை ஏறியது. குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

வாயைத் திறந்தாள். பாம்பு என்ற வார்த்தையா வந்தது? மூன்று நாளாக அடைத்து வைத்ததுதான் முதலில் வந்தது.

"அந்தப் புழுவ நாந்தானே தோண்டுனேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா நீ?"

"ஏன்டி, புள்ளைக்குக் குடுத்தது ஒரு குத்தமா?" என்று சீறித் திரும்பினாள் நாச்சாத்தாள். திரும்பியவள் கண்ணெதிரே பாம்பு!

அவள் போட்ட கூச்சலில் ஓடைப்பக்கம் போன ஐந்து பேரும் பறந்து வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வந்தார்களா? ஆளுக்கொரு பழைய மனத்தாங்கலைச் சொல்லிக் கத்திக்கொண்டே பாம்பைக் கொத்தினார்கள்.

"உங்க குடும்பச் சண்டைக்கு நானா கெடைச்சேன்? ஆளை விடுங்க சாமி!" என்று பாம்பு இறங்கி ஓடியே போய்விட்டது.

குஞ்சுகளை எண்ணிப் பார்த்தார்கள். மூன்றும் இருந்தன. நாச்சாத்தாள் தங்காயியின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"இதையா மூணு நாளா உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தே? அன்னைக்கே என்னைத் திட்டியிருக்கலாமில்ல கண்ணு?"

"திட்டுனா நீ கோவிச்சுக்குவேன்னு..."

"கோவிச்சுக்குவேன். நானும் திட்டுவேன். பேசாம மட்டும் இருந்திராதே."

சொல்லிக்கொண்டே தங்கையின் கழுத்து இறகைக் கோதிவிட்டாள். தங்காயிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த வேகத்தில் போன பங்குனியில் நடந்த இன்னொன்றையும் சொல்லித் தீர்த்தாள்.

அன்று ஆரம்பித்ததுதான், இன்றுவரை தவிட்டுக்குருவிகள் விடிந்தது முதல் கத்திக்கொண்டே இருக்கின்றன. ஆனால் வெயில் ஏறியதும் போய்ப் பாருங்கள். அவ்வளவு சண்டை போட்ட ஏழும் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிக்கொண்டிருக்கும்.