காணாமல் போன துவாதசி

முன்னொரு காலத்தில், பஞ்சாங்கம் கேட்காமல் பல்கூடத் துலக்காத ராஜா ஒருவர் இருந்தார். கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்தையும் ஆஸ்தான ஜோசியர் அனந்தாச்சாரி ராகம் போட்டு வாசித்து முடிப்பதற்குள் ராஜாவின் பால் ஆறி ஆடை கட்டிவிடும்.

"மகாராஜாவுக்குப் பசிக்கிறதா என்பதும் அதில் எழுதியிருக்கிறதா, சுவாமி?" என்று ஒருநாள் விகடகவி மருதப்பன் கேட்டான். சபையே சிரித்தது. ஜோசியர் மட்டும் சிரிக்கவில்லை.

ஏற்கெனவே மருதப்பன்மேல் அவருக்கு வயிற்றெரிச்சல். பஞ்சாங்கத்தைப் பழித்தவனை வைத்திருந்தால் மழை பொய்க்கும் என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா பயந்துபோய், வரும் துவாதசி அன்று மருதப்பன் நாட்டைவிட்டுப் போகவேண்டும், தவறினால் சிறை என்று உத்தரவு போட்டார். நாள் குறித்தவரும் ஜோசியர்தான். அவசரத்தில் விரல்விட்டு எண்ணினாரே தவிர, ஓலையைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மருதப்பனின் மனைவி பூவாயிக்கு நிறைமாதம். அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக் கூட்டிப்போவது? ஊரையே சிரிக்கவைத்தவன் மூட்டை கட்டிக்கொண்டே அழுதான்.

ஏகாதசி வந்தது. ராஜா விரதம். ஜோசியர் வழக்கம்போல் வாசித்தார். சூரியன் உதித்துச் சற்று நேரத்தில் ஏகாதசி முடிகிறது, பிறகு துவாதசி, அதுவும் நாளை விடியுமுன்பே முடிந்து திரயோதசி பிறக்கிறது என்றார். அப்படியானால் இப்போதே சாப்பிடலாமா என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

"கூடாது, மகாராஜா. உதயத்தில் எந்தத் திதியோ, அன்று முழுவதும் அந்தத் திதிதான். இன்று ஏகாதசி" என்றார் ஜோசியர்.

ராஜா எச்சிலை விழுங்கினார். மூலையில் நின்ற மருதப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு ஓடி மூட்டையை அவிழ்த்தான்.

மறுநாள் ராஜா விரதம் முடிக்க இலைமுன் உட்கார்ந்தபோது மருதப்பன் வந்து நின்றான். நேற்றே போயிருக்க வேண்டியவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஜோசியர் சீறினார்.

"இன்று என்ன திதி, சுவாமி?"

"திரயோதசி."

"நேற்று?"

நடுவில் துவாதசி வந்து போயிற்று என்று ஜோசியர் இழுத்தார்.

மருதப்பன் ராஜாவைக் கும்பிட்டான். "நேற்று துவாதசி என்றால் அடியேன் குற்றவாளி. சிறைக்குப் போகிறேன். ஆனால் மகாராஜாவை வீணாகப் பட்டினி போட்டவரும் என்னோடு வரவேண்டும். நேற்று ஏகாதசி என்றால், நான் போகவேண்டிய நாள் இன்னும் விடியவே இல்லை."

ராஜா மெல்ல ஜோசியர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் நேற்றைய பசி முழுதும் இருந்தது.

"நேற்று ஏகாதசிதான், மகாராஜா" என்று முணுமுணுத்தார் ஜோசியர்.

சிரித்த சிரிப்பில் ராஜாவுக்கு அகத்திக்கீரை புரையேறியது. உத்தரவு ரத்தாயிற்று. மருதப்பனுக்குப் பட்டு கிடைத்தது, பூவாயிக்கு அரண்மனை மருத்துவச்சி பல்லக்கில் போனாள். இனிமேல் பஞ்சாங்கம் வாசிப்பது ராஜா சாப்பிட்ட பிறகுதான் என்றும் முடிவாயிற்று.

அடுத்த துவாதசியில் பூவாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜாதகம் கணித்தவர் அனந்தாச்சாரிதான். இந்தத் தடவை ஓலையைப் பார்த்துக் கணித்தார்.