டீனின் பயிற்சியும் தில்லைநாயகியின் வகுப்பும்

பகுதிநேர விரிவுரையாளர்களுக்கு ‘மாணவர் கவனத்தைக் கவர்வது எப்படி’ என்று தானே பயிற்சி கொடுக்கக் கிளம்பினார் டீன் வைகுந்தராமன். அதே நேரத்தில் அவர்களில் ஒருவரான தில்லைநாயகிக்கு வகுப்பு இருந்தது.

“வகுப்போ பயிற்சியோ, எதுக்கு வராட்டியும் அடுத்த செமஸ்டர் வேலை கிடையாதும்மா!”

“ரெண்டுக்கும் வந்துடறேன் சார்.”

சொன்னபடியே வந்தார், தன் மாணவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு. டீனால் மறுக்க முடியவில்லை. திரையில் இருந்ததை வரிவிடாமல் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து குறட்டை கேட்டது.

“என்னம்மா, உன் பிள்ளைங்க கவனிக்கவே மாட்டேங்கிறாங்க?”

“அவங்களைக் கவனிக்கவைக்கிறது எப்படின்னு உங்ககிட்ட கத்துக்கத்தான் சார் உட்கார்ந்திருக்கோம்.”

பதில் இருக்குமோ என்று டீன் அடுத்த ஸ்லைடைப் பார்த்தார். இல்லை. மறுநாளே பயிற்சி, யாருக்கும் வகுப்பில்லாத நேரத்துக்கு மாறியது.