கூழைக்கடா ஏரியும் கடைசி மினி பஸ்ஸும்

"நான் என்ன டீச்சர் தப்பு செஞ்சேன்?"

பரிமளநாதன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தான்.

சோலையம்மாள் மலைமேல் இருந்த தன் வீட்டு வாசலில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காட்டையும் ஏரியையும் காப்பாற்றத் திட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் டீச்சர். பரிமளநாதனைவிட இரண்டு வயது சின்னவர். இருந்தாலும் அவனுக்கும் டீச்சர்தான்.

"முதல்ல உட்காருங்க."

"உட்கார நேரமில்ல. ராத்திரிக்குள்ள செங்கமலத்தப் பார்க்கணும். கடைசி மினி பஸ் எத்தனை மணிக்கு?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஆறு மணிதானே. எப்பவும் அதுதானே."

அவர் குழாயை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பஸ்ஸை விட்டால் மலையிலிருந்து இறங்க வேறு வண்டி கிடையாது. விடிந்ததும் செங்கமலம் மூட்டை முடிச்சோடு அப்பா ஊருக்குக் கிளம்புகிறாள். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இவன் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதே இல்லை. இன்று ராத்திரிக்குள் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அது ஒன்றுதான் இப்போது அவனுக்கு வேண்டியது.

"செங்கமலம் யாரு?" என்றார் டீச்சர்.

"கூழைக்கடா ஏரிக்குத் திட்டம் போட்ட பொண்ணு. புதுசு. நான்தான் அவளுக்கு வழித்துணைவர்."

வழித்துணைவர்! மனுஷன் பாடுபட்டுக் கட்டிய அமைப்பு அது. ஏதோ ஒரு மூலையில் ஏரிக்கோ சதுப்புக்கோ தனியாளாகத் திட்டம் போட்டுத் திண்டாடுகிறவருக்கு, அனுபவப்பட்ட ஒருவர் போனில் துணை இருப்பார். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆள் பிடித்திருந்தான். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? எல்லாருக்கும் ஒரே விதி: பதில் சொல்லாதே, கேள்வி கேள். துணிப்பையில் வேறு அச்சடித்துக் கொடுத்திருந்தான்.

"என்ன நடந்துச்சு?"

"ஏரிக்குள்ள கருவேல மரம் பூரா கூழைக்கடாப் பறவைங்க கூடு, டீச்சர். குஞ்சு இன்னும் பறக்கல. மீன் குத்தகைக்காரங்க மீன் பிடிக்கத் தண்ணிய இறக்கச் சொல்லி நெருக்குறாங்க. இவ எனக்குப் போன் பண்ணா. 'சார், பாதித் தண்ணிய இறக்குனா பரவாயில்லையா? நாளைக்குக் கூட்டம்'னா."

"உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியாம என்ன? பாதி இறங்கினாலே மரத்தடி காஞ்சிரும். நாய் அங்க நடந்தே போயிரும். வேற ஏரியில என் கண்ணால பார்த்திருக்கேன்."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

பரிமளநாதன் தரையைப் பார்த்தான்.

"'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாதி இறக்கலாம்னு நினைச்சா. இறக்கிட்டாங்க. நாய்ங்க உள்ள போச்சு. பெரிய பறவையெல்லாம் கூட்ட விட்டுட்டுக் கிளம்பிருச்சு. கீழ விழுந்த குஞ்சுங்கள அவதான் கூடையில பொறுக்கியிருக்கா. ஒண்ணுகூடப் பிழைக்கல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் யாரோ சொல்லியிருக்காங்க, எனக்கு இது முன்னாடியே தெரியும்னு. போன் பண்ணா. 'தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?'ன்னா. வெச்சுட்டா."

டீச்சர் வாழைப் பக்கம் திரும்பினார். அவன் விடவில்லை.

"விதிப்படிதானே டீச்சர் நடந்தேன்? நீங்க சொன்ன விதி!"

சோலையம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் அத ஊருக்கா சொன்னேன்? உங்களுக்குச் சொன்னேன். அந்தக் காலத்துல எதிராளிய வாயத் திறக்க விட்டிருப்பீங்களா நீங்க? அவங்க ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள நீங்க ஒம்பது சொல்லுவீங்க. உங்க வாய்க்குப் போட்ட பூட்டு அது. அதக் கொண்டுபோய் ஒவ்வொருத்தர் வாயிலயும் மாட்டி வெச்சிருக்கீங்க. பையில வேற அச்சடிச்சு!"

பரிமளநாதன் தோளில் கிடந்த துணிப்பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தான். பச்சை மினி பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். கையை ஆட்டினான், கத்தினான். ரோட்டில் புழுதிதான் மிச்சம். திரும்பி வந்தபோது மூச்சு இரைத்தது. காலில் ரத்தம்.

"அஞ்சரைக்கே போகுது! நேரத்த மாத்திட்டாங்களா?"

"போன மாசமே மாத்திட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வந்ததும் கேட்டேனே! அவ காலையில போயிருவா. இனிமே நான் அவள எங்க போய்ப் பார்ப்பேன்?" அவன் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சும் ஏன் டீச்சர் சொல்லல?"

கத்தி முடித்த பிறகுதான், அது யார் கேட்ட கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

சோலையம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கலாம்," என்றார்.