அறுத்து வைத்த பொத்தான்கள்

நரிப்பாறைக் கோட்டையில் மண் தோண்ட வந்த மாணவர்களிலேயே மூத்தவர் மார்க்கபந்து. பாடம் சொல்லும் அங்கயற்கண்ணியைவிடவும் மூத்தவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் அவருடைய ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார், அல்லது இருந்துவிட்டு வந்திருப்பார். ஓய்வுக்குப் பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் தொல்லியல் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்தார்.

அங்கயற்கண்ணி அதிகம் பேசமாட்டார். யாராவது சந்தேகம் கேட்டால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மற்ற மாணவர்களுக்கு அதில் எரிச்சல் இருந்தது. மார்க்கபந்துவுக்குப் பிடித்திருந்தது.

கோட்டை ஒரு மலைக் கணவாயின் உச்சியில் இருந்தது. ஒரு காலத்தில் மேற்கே மைசூர்ச் சீமை, கிழக்கே கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், நாடு. நடுவில் கும்பினிச் சிப்பாய்களின் இந்தக் காவல். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேழ்வரகுதான் விளைகிறது. மதில் பாதி சரிந்து உள்ளே ஆடுகள் மேய்ந்தன.

சிப்பாய்கள் தங்கியிருந்த கொட்டடியைத் தோண்டத் தொடங்கிய மறுநாளே மார்க்கபந்துவின் மண் சுரண்டும் கரண்டியில் ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. பச்சைப் பசேல் என்று இருந்தது. எடுத்தவர் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

"துடைக்காதீங்க ஐயா" என்றார் அங்கயற்கண்ணி.

"அழுக்கா இருக்கு மேடம்."

"அழுக்கு இல்லை, களிம்பு. செம்பு கலந்த உலோகத்துல களிம்பு ஏறினா அதை ஒட்டியிருக்கிற நூல் சீக்கிரத்துல மக்காது. துடைச்சா நூலும் போயிடும்."

மார்க்கபந்து கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க விடிந்தால் முதல் வேலை பித்தளையைத் துலக்குவது. கை சும்மா இருக்க மறுத்தது.

"இது யாரோட பொத்தான் மேடம்?"

"எங்கே கிடைச்சது?"

"வடக்குக் குழி. சுவரோரம்."

"அதை எழுதுங்க."

அடுத்தடுத்து இன்னும் சில கிடைத்தன. முலாம் பூசியது, வெள்ளீயத்தில் வார்த்தது, பட்டாளத்தின் எண் பொறித்தது. மார்க்கபந்து முலாம் பூசியவற்றைத் தனித் தட்டில் வைத்தார். அதிகாரிகளுடையவை அல்லவா. சாயங்காலம் பார்த்தால் அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் கலந்து, குழிவாரியாக வைத்திருந்தார். மார்க்கபந்துவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கேட்கவில்லை.

அந்தச் சிப்பாய்களை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் மேட்டில் போய் நிற்பார். கணவாய்க் காற்று ஊசியாகக் குத்தும். இதே காற்றில், இதே இடத்தில் விறைப்பாக நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார். தன் ஆட்கள் மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தக் கலயம் கிடைத்தது.

கொட்டடியின் தரைக்கல் ஒன்றைப் பெயர்த்தபோது அடியில் மண்கலயம் ஒன்று இருந்தது. வாய்க்கு ஓடு வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே முழுக்கப் பொத்தான்கள். கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்தும் தனி நூலில் கோத்தது. அவற்றோடு தோள்பட்டைச் சின்னங்கள், நெஞ்சுக்குக் குறுக்கே போகும் வாரில் மாட்டுகிற பித்தளைத் தகடுகள்.

அங்கயற்கண்ணி கூடாரத்து மேசையில் ஒரு கொத்தை வைத்து உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு மார்க்கபந்துவிடம் கொடுத்தார்.

"காதுல ஒட்டியிருக்கிற நூலைப் பாருங்க."

மார்க்கபந்து பார்த்தார். பொத்தானின் பின்பக்கத்துக் காதில் களிம்போடு இரண்டு மூன்று இழைகள் ஒட்டியிருந்தன. அவற்றின் முனைகள் ஒரே சீராக இருந்தன.

"பிய்ஞ்சு வரலை" என்றார். "அறுத்திருக்காங்க."

"எல்லாமே அப்படித்தான் இருக்கு."

மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கபந்து உருப்பெருக்கியை மேசையில் வைத்தார். அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் அங்கயற்கண்ணியிடம் வந்து, இனி மண் சலிக்கும் சல்லடைப் பக்கம் வேலை செய்வதாகச் சொன்னார்.

"ஏன் ஐயா?"

"இந்தக் கலயத்தை நான் தொட விரும்பலை மேடம்."

அங்கயற்கண்ணி சரி என்றார்.

மறுநாள், அது புதன்கிழமை, மனைவி பவுனம்மாள் போன் செய்தாள்.

"திவாகர் குவைத் போறானாம். நாளைக்கழிச்சு வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு. போறதுக்கு முன்னால உங்களைப் பார்க்கணும்னு சொல்றான்."

மார்க்கபந்து போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஓசூர்ல ரூமைக் காலி பண்ணிட்டு இருக்கான். நீங்க இருக்கிற இடத்துல இருந்து பஸ்ஸுல ஒரு எட்டு. அவன் வரட்டுமா, நீங்க போறீங்களா?"

"ரெண்டும் வேணாம்."

"ஏங்க, போனா வர ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"போகட்டும். போறதுக்குத் தெரிஞ்சவன்தானே."

பவுனம்மாள் போனை வைத்துவிட்டாள்.

திவாகர் அவர்களுக்கு ஒரே பிள்ளை. மார்க்கபந்துதான் அவனைப் பட்டாளத்தில் சேர்த்தார். பயிற்சி முடித்து, மலை எல்லையில் ஒரு முகாமில் இருந்தான். ஒருமுறை லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. லீவு முடிந்தும் அறையிலேயே படுத்துக் கிடந்தான். பிறகு வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. தண்டனை முடிந்து, வேலை போய், அவன் திரும்பி வந்த அன்று மார்க்கபந்து அவன் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார். அவன் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை அங்கயற்கண்ணி ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும் கொண்டுவந்து மார்க்கபந்துவிடம் கொடுத்தார்.

"கலயத்தை மியூசியத்துல வைக்கப் போறாங்க. கீழே போடறதுக்கு ரெண்டு வரி எழுதுங்க ஐயா."

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க மேடம்."

"யூனிஃபார்ம் போட்டவர் இங்கே நீங்க ஒருத்தர்தான்."

மார்க்கபந்து யோசிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

பணியை விட்டு ஓடிப்போன சிப்பாய்களின் பொத்தான்களும் சின்னங்களும்.

அங்கயற்கண்ணி படித்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தான் போட்டிருந்த பழைய காக்கிக் கோட்டைக் கழற்றி நீட்டினார். காலைக் குளிருக்காகக் கடைத்தெருவில் வாங்கியது.

"இதைப் போட்டுக்கங்க."

மார்க்கபந்து போட்டுக்கொண்டார். கைப்பக்கம் கொஞ்சம் இறுக்கம்.

"பொத்தானைப் போடுங்க."

போட்டார்.

"இப்போ நீங்க இந்தக் கோட்டையில சிப்பாய். ஓடிப்போகணும். பார்க்கிறவங்களுக்கு நீங்க சிப்பாய்னு தெரியக்கூடாது. என்ன செய்வீங்க?"

மார்க்கபந்து பொத்தான்களை மளமளவென்று கழற்றி, கோட்டை உருவி, கூடாரத்து மூலையில் எறிந்தார்.

"இதான் செய்வேன்."

அங்கயற்கண்ணி போய்க் கோட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி அவரிடமே கொடுத்தார்.

"இப்போ பொத்தானை அறுங்க."

"உங்க கோட்டு மேடம்."

"பரவாயில்லை."

மார்க்கபந்து மடக்குக் கத்தியை எடுத்தார். நின்றபடி முதல் பொத்தானைப் பிடித்து இழுத்தார். துணி கூடவே வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டை மடியில் விரித்து, துணிக்கும் பொத்தானுக்கும் நடுவில் கத்தி முனையை நுழைத்து, நூலை மட்டும் அறுத்தார். பிறகு அடுத்தது. அவசரப்படவில்லை, அவசரப்பட முடியவில்லை. கடைசிப் பொத்தானும் வந்ததும் எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எதில் போடுவது என்று சுற்றிலும் பார்த்தார். மேசையில் இருந்த டம்ளரில் போட்டார்.

"உட்கார்ந்துட்டீங்க" என்றார் அங்கயற்கண்ணி.

"நின்னுக்கிட்டு அறுத்தா துணி கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா என்ன? ஓடப்போறவர்தானே."

மார்க்கபந்து கத்தியை மடக்கினார். டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊசி நூல் இருந்தா கொடுங்க மேடம். தைச்சுக் கொடுத்துடறேன்" என்றார்.

அங்கயற்கண்ணி ஊசியும் நூலும் கொண்டுவந்தார். மார்க்கபந்து மூக்குக் கண்ணாடியை மாட்டி, நூலைக் கோத்து, முதல் பொத்தானைத் தைக்க ஆரம்பித்தார். பட்டாளத்துத் தையல். நெருக்கமாக விழுந்தது.

"இவங்க ஓடலைன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலை ஐயா."

"ஓடாதவன் எதுக்குப் பொத்தானை அறுக்கணும்?"

"எல்லை மாறியிருக்கலாம். இந்தக் கோட்டைக் காவலே வேண்டாம்னு பட்டாளத்தையே கலைச்சிருக்கலாம். சின்னத்தை எல்லாம் கழற்றி வைங்கன்னு மேலிருந்து உத்தரவு வந்திருக்கலாம். குளிருக்குக் கோட்டு மட்டும் வேணும்னு இருந்திருக்கலாம். திரும்பி வருவோம்னு நினைச்சு வச்சிருக்கலாம். நீங்க எழுதின மாதிரியும் இருக்கலாம்."

மார்க்கபந்து தைத்துக்கொண்டே இருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு ஓடினவங்களைத் தெரியும் மேடம். என் வீட்டுலயே ஒருத்தன். லீவுல வந்தான், திரும்பிப் போகலை. ஊருக்கே தெரியும்."

"உங்க பையனா?"

"ஆமா."

"ஏன் போகலை?"

"ஓடிட்டான். அவ்வளவுதான்."

"ஏன்னு கேட்டேன் ஐயா."

மார்க்கபந்துவின் ஊசி நின்றது. அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அறைக் கதவு பகலிலும் சாத்தியே இருந்தது. ஒருநாள் அவன் கதவைத் திறந்து வந்து, சமையலறை வாசலில் நின்று, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றான். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் போனார்.

"கேக்கலை" என்றார்.

அங்கயற்கண்ணி குழிப் பக்கம் போய்விட்டார்.

மார்க்கபந்து மீதிப் பொத்தான்களையும் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கோட்டை மடித்து வைத்துவிட்டு, தான் எழுதிய அட்டையை எடுத்துப் பார்த்தார். நல்ல கையெழுத்துதான். அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வேறு அட்டை எடுத்தார். எழுதினார், அடித்தார். இன்னொன்று எடுத்தார். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று எழுதினார்.

வெயில் ஏறியதும் அங்கயற்கண்ணி தண்ணீர் குடிக்க வந்தார். மார்க்கபந்து அட்டையை நீட்டினார்.

கும்பினிச் சிப்பாய்களின் பொத்தான்களும் சின்னங்களும். கத்தியால் அறுத்தெடுத்து, தனித்தனிக் கொத்தாகக் கோத்து, கொட்டடித் தரைக்கு அடியில் வைக்கப்பட்டவை. காரணம் தெரியவில்லை.

அங்கயற்கண்ணி படித்துவிட்டுத் தலையசைத்தார். அட்டையைக் கலயத்தின் பக்கத்தில் வைத்தார்.

மார்க்கபந்து நகரவில்லை.

"கடைசி வரி ஒரு மாதிரியா இருக்கு மேடம்."

"எப்படி?"

"இவ்வளவு பேர், இத்தனை நாள் தோண்டியிருக்கோம். லென்ஸ் வச்சுப் பார்த்துட்டோம். நூல் முனை வரைக்கும் தெரியுது. ஏன் அறுத்தாங்கங்கற ஒண்ணு மட்டும் தெரியலைன்னா எப்படி?"

அங்கயற்கண்ணி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"கேட்கிறதுக்கு ஆள் இருந்தா நாம ஏன் ஐயா தோண்டப் போறோம்?"

மார்க்கபந்து குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த மண் போகும்வரை கழுவினார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஓசூர் பஸ் நிற்கும் பாதையில் கீழே இறங்கிப் போனார்.