வலியை வாங்கிக்கொண்ட தாய்மாமன்

ஆமாம்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்வார்கள். அது அபாண்டம். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். யோசிக்கச் சொல்லி இதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அதனால் யோசிப்பதில்லை.

அந்த ஊர் சடையாண்டிக்கு மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் குடல் முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சடையாண்டிக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. கத்தி உள்ளே இருக்கும்போது வலி தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

மயக்க மருந்து டாக்டர் எஸ்தர் அவனைப் பேசக் கூப்பிட்டார். கூடவே மனைவி செல்லப்பேச்சி, அவள் தம்பி ஒச்சப்பன், சடையாண்டியின் தாய்மாமன் முத்திருளப்பன் எல்லோரும் நுழைந்தார்கள்.

"என்ன சந்தேகம் இருந்தாலும் தயங்காம கேளுங்க" என்றார் டாக்டர். பாவம், அந்தப் பக்கத்துக்குப் புதுசு.

"பாதியில முழிச்சுக்கிட்டா என்ன பண்றது டாக்டரம்மா?" என்றான் சடையாண்டி.

"நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க. முதுகுல ஒரு ஊசி போடுவேன், இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிடும்."

"முழிச்சிருக்கவனுக்கு மயக்க டாக்டர் எதுக்கு?" என்று கேட்டான் ஒச்சப்பன். ஊரில் அவன்தான் புத்திசாலி.

டாக்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஊசி போட்டா இவரு மனசுல உள்ளதெல்லாம் உளறிருவாரா?" என்றாள் செல்லப்பேச்சி.

"அதெல்லாம் உளற மாட்டார்மா."

"கொஞ்சம்கூடவா?" அவள் முகம் வாடிப்போயிற்று.

"அறுக்கையில வலி?" என்றான் சடையாண்டி மறுபடியும்.

"உங்களுக்கு வலி தெரியாது. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல நீங்க எதுவும் சாப்பிடக்கூடாது. வயித்துல சாப்பாடு இருந்தா மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். கூட ஒரு சொந்தக்காரர் கட்டாயம் இருக்கணும்."

ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் தாய்மாமன் கிடா வெட்டினார். கறி பாதி வெந்துகொண்டிருக்கும்போதே மணி பத்தை நெருங்கிவிட்டது. செல்லப்பேச்சி சட்டென்று ஸ்டூல் மேல் ஏறிக் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். அதன்பிறகு யாருக்கும் அவசரம் இல்லை. சடையாண்டி நிதானமாகக் கறிச்சோறு தின்றான். தூங்கி எழுந்து, விடிந்ததும் மிச்சக் குழம்பு ஊற்றி இட்லி தின்றான். அப்போதும் மணி பத்தாக ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"பத்தாக அஞ்சு நிமிஷம் இருக்கையில."

"மீசையில குழம்பு இன்னும் காயலையே?"

செல்லப்பேச்சி பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். சாட்சிக்கு வேண்டியிருக்கும் என்று கொண்டு வந்திருந்தாள். டாக்டர் ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் ஒச்சப்பன் திடீரென்று நெற்றியைத் தட்டிக்கொண்டான்.

"டாக்டரம்மா சொன்னத கவனிச்சீகளா? அத்தானுக்கு வலி தெரியாதுன்னுதான் சொன்னாக. வலியே வராதுன்னு சொல்லல."

"ஆமா" என்றார் முத்திருளப்பன்.

"அறுத்தா வலி வரத்தான செய்யும்? வந்த வலி சும்மா போகுமா? இவருக்குத் தெரியலைன்னா வேற ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாகணும்ல?"

"அப்ப டாக்டருக்குத் தெரியும்" என்றாள் செல்லப்பேச்சி.

"அவுக தெனமும் எத்தனை பேருக்கு ஊசி போடுறாக! அம்புட்டு வலியும் சேர்ந்தா மனுசி தாங்குமா? அதான் சொந்தக்காரர் ஒருத்தர் கூடவே இருக்கணும்ங்கிறாக."

எல்லோரும் மெல்லத் திரும்பி முத்திருளப்பனைப் பார்த்தார்கள். சடையாண்டிக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அன்றைக்கு அவன் கடித்த கட்டைவிரல் இன்றும் கொஞ்சம் கோணல்.

"மாமன் முறைன்னா மாமன்தான்" என்றார் அவர். அன்று சாயங்காலம் மாட்டுத்தொழுவத்தில் தனியாக நின்று அழுதாராம். பயந்து அழுதும் பின்வாங்கவில்லையே, அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த வாரம் சடையாண்டி பட்டினியோடு வந்தான். முத்திருளப்பன் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, சீர்வரிசைத் தட்டும் ஒரு முழுப் பலாப்பழமுமாக வந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றார்.

"மாப்ள என் மடியில உக்காரட்டும் டாக்டரம்மா. நீங்க உங்க பாட்டுக்கு அறுங்க."

டாக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில், "ஐயா, அங்க ஓரமா உக்காருங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் அசையக்கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்திருளப்பன் வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தால் வலி வழி தெரியாமல் தடுமாறும் என்று ஒச்சப்பன் பலாப்பழத்தைத் தூக்கி அதில் வைத்தான்.

நேரம் போயிற்று. அவர் அசையவில்லை. திடீரென்று அவர் முகம் வெளுத்தது.

"ஒச்சா, இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சுடா!"

ஒச்சப்பன் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினான். அவருக்குத் தெரியவே இல்லை.

"உள்ள போட்ட ஊசி வெளிய வந்து சேர்ந்துருச்சு" என்றான் பக்தியோடு.

கதவு திறந்தது. சடையாண்டியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "வலிச்சதாய்யா?" என்று ஓடினாள் செல்லப்பேச்சி. "துளிகூட இல்ல புள்ள" என்று சிரித்தான். அதே நேரம் ஒச்சப்பன் பலாப்பழத்தை இறக்கி மாமனின் காலை நீட்டிவிட்டான். அவர் போட்ட "ஐயோ" மாடி வரைக்கும் கேட்டது. சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. முத்திருளப்பனைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள். ஒரு குடம்கூடத் தூக்கவிடவில்லை. அவர் இருமினால் இரண்டு பேர் ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சடையாண்டி கீழே பாயில் கிடந்தபடி அவருக்கு விசிறினான்.

"எனக்கும் லேசா வலிக்குதே" என்றான் அவன்.

"மாமனுக்குப் போற வலிதான் அத்தான். வழியில கொஞ்சம் சிந்தியிருக்கும்" என்றான் ஒச்சப்பன்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. முத்திருளப்பனைக் காரில் படுக்கப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நர்ஸ் அவர் வயிற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தையலைத் தேடிவிட்டு டாக்டர் எஸ்தரைக் கூட்டி வந்தாள்.

ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "தழும்புகூட இல்லாம ஆறிருச்சு டாக்டரம்மா! கைராசின்னா இதான்!"

டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "சடையாண்டி எங்க?"

"வீட்டுல படுத்திருக்காரு" என்றான் ஒச்சப்பன். "மாமன் மேல அம்புட்டுப் பாசம் அவருக்கு. இவருக்கு ஆபரேஷன் ஆன அன்னைக்கே அவரு அடிவயித்துலயும் தையல் வந்துருச்சு!"