சிவப்பி பூவை உதிர்த்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்குப் பேச வாயும் இருந்தது, கோபித்துக்கொண்டு எழுந்து போகக் காலும் இருந்தது. இன்று இங்கே நிற்கும் செடி நாளைக்கு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நிழல் பிடிக்கவில்லை என்றால் வெயிலுக்குப் போகும், வெயில் சுட்டால் அடுத்தவன் நிழலில் போய் இடித்துக்கொண்டு நிற்கும்.

நம் கடலைத் தாண்டிக் கிழக்கே வெகு தூரம் போனால் மழைத்தீவுகள் இருக்கின்றன. அதில் ஒரு தீவில் ஒரு பெரிய மலை. மலையின் காலடியில் கொதிக்கிற மணல், இடுப்பில் அடர்ந்த காடு, தோளுக்கு மேலே பன்னிரண்டு மாதமும் குளிர்ந்த மூடுபனி. அந்த மூடுபனிக்குள் மூன்று சகோதரிகள் குடியிருந்தார்கள். படித்தவர்கள் இந்தச் செடிகளை ரோடோடென்ட்ரான் என்பார்கள். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சிவப்பாகப் பூக்கும் மரம் ஒன்று இருக்கிறதே, அதற்கு இவர்கள் தூரத்துச் சொந்தம்.

மூத்தவள் சிவப்பி. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ, வாசனை துளியும் கிடையாது. நடுவில் பொன்னி, அகல் விளக்கு மாதிரி வாய் விரிந்த மஞ்சள் பூ. கடைக்குட்டி வெள்ளச்சி. அவள் பூ விரல் நீளத்துக்கு வெள்ளைக் குழல், பொழுது சாய்ந்தால் மலையே மணக்கும். தரையில் நிற்க அவளுக்குப் பிடிக்காது. பெரிய மரத்தின் கவட்டில், பாசி மெத்தையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மூன்று பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

செடிகள் இப்படி ஓயாமல் இடம் மாறி இடித்துக்கொண்டதில் மலைக்குத் தூக்கம் கெட்டது. ஒரு நாள் அது எல்லோரையும் கூப்பிட்டது.

"இனிமே குடும்பம் குடும்பமாப் பிரிஞ்சு நிக்கணும். ஒரு குடும்பத்துக்கு ஒரு இடம். அங்கேயே வேர் விட்டுடணும், அப்புறம் நகரக் கூடாது. யார் எந்தக் குடும்பம்னு பிரிச்சுச் சொல்ல யாரால முடியும்?"

"நான் இருக்கேன் மலையாரே," என்று முன்னால் வந்து நின்றது தேன்சிட்டு. "இந்த மலையில நான் மூக்கை நுழைக்காத பூ உண்டா?"

அது உண்மைதான். எல்லோருடைய விஷயத்திலும் மூக்கை நுழைப்பதுதான் அதன் தொழிலே. ஆனால் அது பகலில் வரும், பூவின் வாயில் அலகை விடும், தேனைக் குடிக்கும், போய்விடும். இலை என்று ஒன்று இருப்பதையே அது கவனித்ததில்லை. அதன் கண்ணுக்குச் சிவப்பு என்றால் உயிர். மஞ்சள் பரவாயில்லை. வெள்ளையா, அது பூவா, சாயம் போன துணி.

அரை நாளில் பிரித்து முடித்துவிட்டது. சிவப்புப் பூக்கள் எல்லாம் ஒரு குடும்பம், அவர்களுக்கு உச்சி. செம்பருத்தி முதலிய எல்லோருக்கும் தலைவி சிவப்பி. மஞ்சள் பூக்கள் ஒரு குடும்பம், அவர்களுக்கு மலையின் இடுப்பு. பொன்னி போய்ச் சரக்கொன்றையோடு நிற்க வேண்டியது. வெள்ளைப் பூக்கள் ஒரு குடும்பம், அவர்களுக்குக் கீழே மணல். வெள்ளச்சி மல்லிகைக்குப் பக்கத்தில். மறுநாள் உச்சிப்பொழுதில் மலை தீர்ப்புச் சொல்லும், சொன்னதும் வேர் விட வேண்டும்.

அன்று சாயங்காலம் சகோதரிகள் மூவரும் ஒன்றாக நின்றார்கள்.

"அக்கா, அந்த மணல்ல நான் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன்," என்றாள் வெள்ளச்சி. "என் வேரைப் பாரு, நூல் மாதிரி இருக்கு. பாசியும் பனியும் இல்லைன்னா கருகிடும்."

"மல்லிகைக்கு அந்த வெயில் ஒத்துக்குதே," என்றாள் பொன்னி, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"மல்லிகைக்கு ஒத்துக்கும். நான் மல்லிகையா?"

 உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், தலைவிப் பதவி சிவப்பிக்குக் கொஞ்சம் இனித்துத்தான் இருந்தது. ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தங்கை அழுவதைப் பார்த்ததும் அவள் கிளையெல்லாம் நடுங்கியது. இவள் செத்துப்போவாள், நான் உச்சியில் நின்று பூத்துக்கொண்டிருப்பேனா என்று நினைத்தாள். அந்த நினைப்பில் பதவியின் ருசி கசந்துபோனது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. மரத்தவளை ஒன்று தாவி வந்து வெள்ளச்சியின் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டது.

"நாளையிலிருந்து யார் வீட்டுல ஒதுங்குவீங்க தவளையண்ணே?" என்றாள் பொன்னி. "இன்னிக்கு வெள்ளச்சி, நேத்து நான், முந்தாநாள் அக்கா. இனிமே ஆளுக்கொரு மூலையில இருப்போம்."

"எனக்கென்னம்மா," என்றது தவளை. "உங்க மூணு பேர் வீடும் உள்ளே ஒரே மாதிரிதான். கூரையெல்லாம் தவிட்டு நிறத்துல செதில் செதிலா. கண்ணை மூடிக்கிட்டு ஒதுங்கினாலும் உங்க வீடுன்னு கால் சொல்லிடும்."

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா. இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தும் தங்கள் இலையின் அடிப்பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. சிவப்பி தங்கையின் இலை ஒன்றை மெல்லத் திருப்பினாள். பிறகு தன்னுடையதை. பிறகு வாயை மூடிக்கொண்டு விடியும் வரை யோசித்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் சபை கூடியது. வெள்ளச்சியும் மரத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். தேன்சிட்டு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "சிவப்புக் குடும்பத்தின் தலைவி முன்னால் வரட்டும்," என்றது.

சிவப்பி வந்தாள். அந்த மலை கண்டதிலேயே பெரிய பூக்கொத்துகள் அன்று அவள் மேல் இருந்தன. நடுச்சபையில் நின்று, ஒரு தடவை உடம்பை உலுக்கினாள். அத்தனை பூவும் பொலபொலவென்று உதிர்ந்து தரை சிவந்தது.

 பொன்னியைப் பார்த்து யாரும் கண்ணைக்கூடக் காட்டவில்லை, அவளும் உலுக்கினாள். வெள்ளச்சியும் உலுக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் நகர்ந்து வந்து மூவரையும் மூடியது. அது விலகியபோது சபை நடுவில் மூன்று பச்சைச் செடிகள் இடம் மாறி நின்றன, அவ்வளவுதான்.

"ஐயா," என்றாள் சிவப்பி. குரல் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எங்களைப் பிரிச்சீங்களே, இப்ப சொல்லுங்க. மணலுக்குப் போக வேண்டியவ எங்கள்ல யாரு?"

தேன்சிட்டு இந்தப் பக்கம் பறந்தது, அந்தப் பக்கம் பறந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. கடைசியில் ஒரு செடியின் மேல் போய் உட்கார்ந்து, "இவள்தான். இவள் முகத்தில் வெள்ளைக் களை இருக்கிறது," என்றது.

"நான் சிவப்பி ஐயா," என்றது அந்தச் செடி.

மலை சிரித்தது. அது சிரித்ததில் நாலைந்து பாறை உருண்டது.

"பூ போச்சுன்னா ஆள் தெரியலைன்னு ஆகுது," என்றது மலை. "அப்ப பூ அடையாளம் இல்லை. வேற என்ன அடையாளம் வச்சிருக்கீங்க?"

மூவரும் ஒரே சமயத்தில் இலைகளைத் திருப்பிக் காட்டினார்கள். அத்தனை இலையின் அடியிலும் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகச் செதில்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. "அது தூசி," என்றது தேன்சிட்டு.

தவளை முன்னால் வந்தது. "தூசியா? எத்தனை மழையில நான் இதுக்குக் கீழே தூங்கியிருக்கேன். கரைஞ்சதே இல்லை." ஈரக் கையால் மூன்று இலையையும் தேய்த்தும் காட்டியது. செதில் அப்படியே இருந்தது. பிறகு மல்லிகையைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் திருப்பும்மா," என்றது. மல்லிகை திருப்பினாள், வழவழவென்று வெறும் பச்சை. செம்பருத்தி திருப்பினாள், சரக்கொன்றை திருப்பினாள். எவளிடமும் செதில் இல்லை.

"ஒரு சாட்சி போதாது," என்றது மலை. "வழக்குன்னா ரெண்டு வேணும்."

சகோதரிகள் இதை எதிர்பார்க்கவில்லை.  பூவை எல்லாம் உதிர்த்தாயிற்று, இனி காட்ட என்ன இருக்கிறது?

"அக்கா," என்றாள் வெள்ளச்சி மெதுவாக. "போன வருஷத்துக் காய் இருக்கே."

இருந்தது. பூ மறைத்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படாமல், மூவரின் கிளை நுனியிலும் போன வருஷக் காய்கள் காய்ந்து வெடிக்கக் காத்திருந்தன. வெள்ளச்சி தன் காயைத் திறந்தாள். அக்காள்களும் திறந்தார்கள். தூளாகப் பறந்த விதைகளைக் காற்று மலையின் முகத்துக்கு நேரே ஏந்திப் பிடித்தது. தூசியைவிடச் சின்ன விதை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வால், பின்னால் ஒரு வால். மூன்று காயிலிருந்து வந்தவை கலந்துபோனதில் எது யாருடையது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

மலை விதைகளை உற்றுப் பார்த்தது.

"இலைக்குச் செதில், விதைக்கு ரெண்டு வால். நீங்க ஒரே குடும்பம். பூ எந்த நிறத்துல வேணும்னாலும் இருக்கட்டும், அது உங்க இஷ்டம். என் தோளுக்கு மேலே இருக்கிற பனி மொத்தமும் உங்களுக்கு. சின்னவளே, நீ மரத்து மேலேயே ஏறிக்கோ."

வெள்ளச்சி ஏறினாள். அக்காள்கள் இருவரும் அந்த மரத்தடியிலேயே வேர் விட்டார்கள். மற்றவர்களும் இலையையும் விதையையும் பார்த்து அவரவர் குடும்பத்தோடு வேர் விட்டார்கள். அதன் பிறகு எந்தச் செடியும் நகரவில்லை. பறந்த விதைகள் மட்டும், இரண்டு வால் இருந்த தைரியத்தில், பக்கத்துத் தீவுகளின் மலைகளுக்கெல்லாம் போய்ப் பனி இருந்த இடமாகப் பார்த்து இறங்கின. ஒரே ஒரு உச்சிக்குத்தான் சிவப்பியைத் தலைவியாக்கப் பார்த்தது தேன்சிட்டு, இப்போது ஒவ்வொரு உச்சியிலும் அவள் வீட்டுப் பிள்ளைகள்.

தேன்சிட்டு ஒரு கிளையில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. சிவப்பிக்குப் பாவமாக இருந்தது.

"அடுத்த தடவை பூக்கும்போது வாங்க ஐயா," என்றாள். "தேன் குடிக்க எப்ப வேணும்னாலும் வாங்க. தீர்ப்புச் சொல்ல மட்டும் வராதீங்க."

அன்று முதல்தான், உலகத்தில் எந்தத் தாவரவியல்காரர் அந்த மலைகளுக்குப் போனாலும், கண்ணைப் பறிக்கும் அத்தனை பூவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதலில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கிறார்.