சிரித்தது யார்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மாசிலாமணி சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த துறவியான சாமிக்கு அவர்தான் சீடரும். மனைவி தையல்நாயகி இறந்த மாதமே மடத்துக்கு வந்தவர். மூன்று வருஷமாக அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்த மாசியில் வடக்கே போகும் சடைமுடித் துறவிகளான பைராகிகள் ஐந்து பேர் மடத்தில் தங்கினார்கள். கஞ்சா இலையை மிளகு, கசகசாவோடு அரைத்துப் பாலில் கலக்கி, உச்சிப் பூசை முடிந்ததும் குடிப்பது அவர்கள் வழக்கம். அரைக்கும் வேலை மாசிலாமணிக்கு வந்தது. பூசையில் படைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பது மடத்துச் சமையற்கட்டின் விதி. அந்தப் பழக்கத்தில் இதையும் ருசி பார்க்காமல், கீரைக்கு அள்ளுவதுபோல் அள்ளிப் போட்டு அரைத்துவிட்டார். பிரசாதம் என்று அவருக்கும் ஒரு செம்பு நீட்டினார்கள். மறுக்க முடியவில்லை.

பிற்பகலில் அவர் சிரித்த சிரிப்பு மடம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை துணிமூட்டையோடு சாமி முன்னால் வந்து நின்றார்.

"பைராகிகளோட போறேன் சாமி."

"எதுக்கு?"

"அந்த இலை அவங்ககிட்டதானே இருக்கு. மூணு வருஷத்துல நேத்துதான் சிரிச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து சிரிச்சது நானா, இலையா?"

"அம்மி கழுவின தண்ணியை மாடும் குடிச்சுது. அது சிரிக்கலை, படுத்துத் தூங்கிடுச்சு."

மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது கிடக்கட்டும். எதைப் பார்த்துச் சிரிச்சே?"

"இப்ப சொன்னாச் சிரிப்பு வராது சாமி."

"சொல்லேன்."

"பெரிய பைராகி சடையை வெயில்ல விரிச்சுப் போட்டுட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நம்ம வெள்ளாடு வைக்கோல்னு நினைச்சு நுனியிலேருந்து மென்னுகிட்டே வந்துச்சு. அவரு, சிஷ்யன் தலை பிடிச்சுவிடறான்னு நினைச்சுகிட்டு..." மாசிலாமணியால் தொடர முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "'ஆகா, இன்னும் கொஞ்சம் மேலே'ன்னார் சாமி!"

சாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். மாசிலாமணியும் மூட்டையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அது நிற்கவில்லை.

"என்னப்பா?"

"இதை அவகிட்ட சொல்லணும்போல இருக்கு."

"உன் சம்சாரம் எப்படிச் சிரிக்கும்?"

"உடனே சிரிக்க மாட்டா சாமி. ஒண்ணும் கேக்காத மாதிரி எழுந்து உலையைப் பார்க்கப் போயிடுவா. கொஞ்ச நேரம் கழிச்சு, அடுப்படியிலேருந்து தனியா ஒரு சத்தம் வரும்..."

வாசலில் பைராகிகள் சங்கு ஊதினார்கள்.

"சமையல்காரரே, நேரமாச்சு! வரீரா இல்லையா?"

மாசிலாமணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

"போறதுன்னா போ," என்றார் சாமி. "அந்தச் சத்தம் எப்படியிருக்கும்னு சொல்லிட்டுப் போ."